கூலாயிலிருந்து பூட்ஸ் போடும் மாட்டோடு இருபது மைல்

மாட்டை ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் மாட்டைக் கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்கவில்லை. அதனால்தான் சென்ற மாதம், மழை ஓய்ந்த கையோடு, கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இருபது மைல் நடக்க நேர்ந்தது.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு பொதுப் பூந்தோட்டம், பந்து மைதானம், அதை ஒட்டிய பொழுதுபோக்கு மண்டபம் மூன்றுக்கும் நான்தான் மேற்பார்வை. மாலையானால் ரிக்‌ஷாக்காரர், நாவிதர், ரயில்வே கூலிகள் எல்லாரும் வெறுங்காலோடு பந்தாட வருவார்கள். மண்டபத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த மழையில் மைதானம் குண்டும் குழியுமானது. தரையைச் சமப்படுத்தும் ரோலரை இழுத்த மாடும் காய்ச்சலில் செத்தது. ஆட்களை விட்டு இழுத்துப் பார்த்தேன், கால்வாசிக்குள் ஓய்ந்துவிட்டார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அதே மைதானத்தில் ஆடும் ஒரு கிளப்காரர்கள் சமயம் பார்த்து நகர சபைக்கு மனுப் போட்டார்கள். வெறுங்கால் கும்பல்தான் தரையைக் கெடுத்தது, எங்களிடம் கொடுங்கள், கம்பி வேலி போட்டுக் காப்பாற்றுகிறோம் என்று. காப்பாற்றுகிற லட்சணம்! சபைத் தலைவரான துரை, சனிக்கிழமை காலை வந்து பார்ப்பேன், தரை சரியாக இல்லையென்றால் மைதானமும் மண்டபமும் கிளப்புக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

புல்தரையில் ரோலர் இழுக்கும் மாட்டுக்குத் தோல் பூட்ஸ் மாட்டுவது வழக்கம். இல்லாவிட்டால் குளம்பு புல்லைக் கிழித்துவிடும். அதற்குப் பழகிய மாடு கிடைப்பது அரிது. கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து பங்களாவில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, புதன்கிழமை ரயிலேறினேன். மூன்றாம் வகுப்பு, அறுபது காசு. மாடு இரவலாகக் கிடைத்தது. அதை மேய்த்து, பூட்ஸ் மாட்டி, ஓட்டுகிற செல்லாயியும் கூட வருவாள் என்று ஏற்பாடு. நாற்பது வயதிருக்கும். வெற்றிலை மென்றுகொண்டே சண்டை போடுவாள்.

வியாழன் காலை கூலாய் ஸ்டேஷனில், சரக்கு வண்டிக் கதவருகே மாடு நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. முன்னால் இழுத்தோம், பின்னால் தள்ளினோம். கார்டு கொடியை அசைத்தார்.

“ரயில் போயிடும் செல்லாயி!”

“போவட்டும்ங்க ஐயா. அது வேணாம்னா வேணாந்தான். நமக்குக் கால் இருக்குல்ல?”

ரயில் போயேவிட்டது. நடந்தோம். பூட்ஸ் நான்கும் செல்லாயியின் தோளில் தொங்கின. சாலையில் மாட்டினால் தோல் தேய்ந்துவிடுமாம். செனாய் ஐந்து மைல். அதற்கப்பால் இரண்டு பக்கமும் காடு நெருங்குகிறது. ஓரிடத்தில் மாடு நின்று காதை விறைத்தது. புலி என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. செல்லாயி மெதுவாக, “பேசிக்கிட்டே வாங்க ஐயா, எதையாச்சும் பேசுங்க” என்றாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாய்ப்பாட்டை ஒப்பித்தேன், சத்தியமாக.

ஸ்கூடாய் போய்ச் சேரும்போது சரளைக்கல் பட்டு மாடு நொண்டியது. வண்டிக்காரர்கள் தங்கும் மரத்தடியில் கட்டிவிட்டு, செல்லாயி ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் காப்பிக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் மாடு கீழே கிடக்கிறது, ஒருவன் லாடம் அடித்துக்கொண்டிருக்கிறான்! முன்னங்கால் இரண்டும் முடிந்துவிட்டது.

செல்லாயி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அடப்பாவிகளா! யாரு சொன்னது உங்களுக்கு?”

“மாடு நொண்டுச்சேம்மா,” என்றார் மூத்த வண்டிக்காரர். “பாவமா இருந்திச்சு. காசு கூட வேணாம்னுதான் அடிச்சோம்.”

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சாலையில் போகிற மாட்டுக்கு லாடம் அடிப்பதுதானே உலக வழக்கம். ஆனால் லாடத்தோடு பூட்ஸ் ஏறாது. வெறும் லாடத்தோடு புல்லில் இறங்கினால் மைதானம் உழுத வயல். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கச் சொன்னோம். வலது காலில் ஓர் ஆணி ஆழமாக இறங்கியிருந்தது, பிடுங்கியதும் ரத்தம் வந்தது. செல்லாயி மஞ்சளை வைத்துக் கட்டினாள். மாட்டைத் தனியே விட்டு நான் காப்பி குடிக்கப் போனதற்கு, மிச்சம் பத்து மைலும் அவள் கயிற்றை என்னிடம் தரவேயில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை மாடு பூட்ஸுக்குள் காலை விட்டது. எனக்குக் கும்பிடத் தோன்றியது. நடுப்பகல் வரை இழுத்தது. பிறகு வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. செல்லாயி நுகத்தை அவிழ்த்துவிட்டாள்.

“இன்னும் பாதி இருக்கே செல்லாயி. மைதானமே போயிடும்!”

“போனா நீங்க திட்டுங்க, வாங்கிக்கிறேன். மாட்டு காலு போனா நீங்க குடுப்பீங்களா?”

கோபத்தில் ஏதேதோ சொன்னேன். அவள் சொன்னதுதான் சரி.

சனிக்கிழமை காலை, பாதி மைதானம் பாய் விரித்தாற்போல, பாதி அம்மைத் தழும்பு முகம்போல. துரை வந்தார். கிளப் காரியதரிசி ஆட்டத்துக்கே தயாராக, ஆணி வைத்த பந்து பூட்ஸோடு வந்து சரளைப் பாதையில் நின்றார். “பாருங்கள், வெறுங்கால் கூட்டத்தின் வேலை,” என்று உருட்டாத பக்கத்தைக் காட்டினார்.

நானும் பார்த்தேன். விரற்கடை ஆழத்தில், உருண்டை உருண்டையாக, கூட்டங்கூட்டமாகக் குழிகள். லாட ஆணி குத்திய குளம்பை இரண்டு நாளாகப் பார்த்த கண்ணுக்கு அது என்ன என்று சட்டென்று புரிந்தது. காரியதரிசியின் பூட்ஸ் ஆணிகளைப் பார்த்தேன்.

“செல்லாயி, மாட்டை மெதுவா ஓட்டு,” என்றேன். தோல் பூட்ஸோடு அது நொண்டிக்கொண்டே உருட்டிய புல்லில் நாலடி வைத்தது; தடமே விழவில்லை. வேலியோரம் நின்ற ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டேன். வெறுங்காலோடு குதித்தார், புல் படுத்து எழுந்தது.

பிறகு காரியதரிசியைப் பார்த்து, “இப்போது நீங்கள் ஓர் அடி வையுங்கள், ஐயா,” என்றேன்.

அவர் அசையவில்லை. கூலாய் ஸ்டேஷனில் மாடு நின்ற மாதிரியே நின்றார். துரை அவர் காலையே பார்த்தார், பிறகு குழிகளைப் பார்த்தார்.

“அது வேணாம்னா வேணாந்தான்,” என்றாள் செல்லாயி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

மைதானமும் மண்டபமும் எல்லாருக்கும்தான் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். மிச்சப் பாதியை, மாட்டுக்குக் கால் ஆறியதும் உருட்டினோம். போகும்போது மாடு ரயிலில் ஏறிக்கொண்டது, அதற்கு என்ன தோன்றியதோ!

இந்த வழியே வருகிறவர்களுக்கு: காலையிலேயே கூலாயை விடுங்கள், செனாய்க்கப்பால் தனியாக நடக்காதீர்கள், மாடு இருந்தால் அதைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். ஜொகூர் பாருவில் மைதானத்துக்கு வந்தால் கட்டணம் இல்லை. ஆணி பூட்ஸ் போட்டவர்கள் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வர வேண்டும், பலகை வைத்திருக்கிறோம். செல்லாயியின் மாடு மட்டும் பூட்ஸோடு வரலாம்.