அடுப்பில்லாத ரூம்ல உருட்டுன பேரீச்சம்பழ உருண்டை

நேத்து மத்தியானம் எங்க ரூம்ல நான் அழுத அழுக இருக்கே... அய்யய்யோ!

(இன்னிக்கு வீக்லி ஆஃப். ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்துக்கினு டைப் பண்றேன். தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.)

கும்மிடிப்பூண்டில கம்பெனி பொண்ணுங்க ஹாஸ்டல். நானும் சபீனாவும் ஒரே ரூம், ஒரே லைன், ஒரே ஷிஃப்ட். நான் பள்ளிப்பட்டு, அவ பழவேற்காடு.

ஊட்ட வுட்டு வந்து அவ வெக்கிற மொத ரம்ஜான் இது. "ஒரு நோன்பு கூட வுடமாட்டேன்"னு அவங்கம்மாவாண்ட சொல்லிட்டு வந்துகீறா. நின்னுக்கினே வேல. தண்ணி கூட வாயில படாது. சாயந்தரம் நோன்பு தொறக்க பேக்கரி பன்னு! எனக்கு மனசே கேக்கல.

ரூம்ல அடுப்பு வெக்கக் கூடாது (வார்டன் அக்கா மோப்பம் புடிச்சே வந்துடும்). அதான், அடுப்பே வேணாத ஐட்டம்!

நேத்து மொத ஷிஃப்ட் முடிஞ்சி வந்ததும் ஆரம்பிச்சோம். பேரீச்சம்பழத்துல கொட்டைய எடுத்துட்டு நான் பிசைஞ்சேன். அவ பாதாமையும் முந்திரியையும் கவர்ல போட்டு டம்ளராலயே நசுக்குனா (மிக்ஸியாம் மிக்ஸி!). காஞ்ச திராட்ச, துளி ஏலக்கா. கையில நெய்ய தடவிக்கினு உருட்டி, கொப்பரைத் துருவல்ல ஒரு பெரட்டு. அவ்ளோதான்.

மழ வுட்டு ஜன்னல் வழியா மஞ்சளா வெயிலு. ஃபேன் மெதுவா சுத்துது. ரூம் ஃபுல்லா ஏலக்கா வாசன.

விடியறதுக்கு முன்னாடியே எழுந்த கண்ணு, ரெண்டு பேருக்கும் சொக்குது.

பெருநாளுக்கு புதுத் துணி போட்டுக்கினு ஏரி ஓரமா எல்லாரும் நடப்பாங்கன்னு அவ மெதுவா சொல்லிக்கினே இருக்கா. எனக்கு நான் படகுல உக்காந்துக்கினு இருக்கற மாரியே இருந்திச்சி. எங்க இருக்கேன்னே தெரில. அவ்ளோ சொகம்!

எங்க ஊட்ல ஒரு பழக்கம். எந்தப் பலகாரம் உருட்டுனாலும் மொத உருண்ட பக்கத்துல இருக்கறவங்க வாயில.

கை தன்னால போச்சி.

அவளும் "ஆ"ன்னு தொறந்தா. மென்னா. முழுங்கிட்டா.

"தித்திப்பு கரீட்டா கீதுடி!"

அப்புறம் அப்டியே என்னப் பாத்தா. மூஞ்சே மாறிடுச்சி.

"லட்சு... நான் நோன்புடி."

நைனா! அவ அழறா, நான் அவளுக்கு மேல அழறேன். இத்தினி நாளு பட்டினி கெடந்து காப்பாத்துனத என் கையாலயே கெடுத்துட்டனே! சாரிடி, சாரிடின்னு சொல்லிக்கினே இருந்தேன்.

அவங்கம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சி, நடந்தத சொன்னா. நான் கட்டில் ஓரமா ஒடுங்கிட்டேன்.

"நெனப்போட துன்னியா, மறந்து துன்னியா?"

"சத்தியமா மறந்துட்டேம்மா. லட்சு ஊட்டுனா, வாங்கிக்கினேன்."

"அப்ப இன்னாத்துக்குடி அழற? மறந்து சாப்டா நோன்பு போவாது. அது அல்லா ஊட்டி வுட்டது. வாய கொப்புளிச்சிட்டு, எப்பவும் போல பாங்கு சொன்னதும் நோன்பு தொற."

எனக்கு உசுரே திரும்பி வந்த மாரி இருந்திச்சி.

அப்ப பாத்து அவங்கம்மா, "அந்தப் பொண்ணு பக்கத்துல கீதா? ஏம்மா லட்சு, நீ சாப்டியா கண்ணு?"

உருட்டுற குஷில கேன்டீன் பக்கமே போவாம வந்துட்டேன். அப்புறம் அழுகையில பசியே தெரில. "இல்லம்மா"ன்னேன். அதுக்கும் அழுக வந்துடுச்சி.

சாயந்தரம் பாங்கு கேட்டுச்சி. சபீனா ஒரு உருண்டைய எடுத்து பாதி கடிச்சா. மீதிய என் வாயில வெச்சி அமுக்குனா.

"துன்னுடி. நீயும் நோன்பு மாரிதான் கெடந்த."

அவளுக்கு ஊட்டுனது அல்லான்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க.

எனக்கு ஊட்டுனது யாரு? நீங்களே சொல்லுங்க பிரெண்ட்ஸ்!