அரையங்குலக் கம்பிகள் இரண்டு

வெல்டரைப் பட்டறையில் எல்லோரும் பெரியவர் என்போம். வயது நாற்பத்தைந்துதான், அங்கேயே ஃபிட்டராக இருந்த தம்பியால் வந்த பெயர். வாயைத் திறந்தால் தம்பி புராணம்தான். "அவன் கை வச்சா மிஷின் மறுபேச்சு பேசாது!" தம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் திட்டுவார். லேத்தில் நின்றபடி கேட்கும் எனக்கு எரிச்சலாக வரும். அப்படி என்னய்யா பாசம்!

அன்று தண்ணீர்த் தொட்டி வைக்கும் மேடையைக் கூரையிலிருந்து தொங்கவிடும் வேலை. மூலைக்கு ஒன்றாக ஓரங்குலத் தடிமனில் நான்கு கம்பி வேண்டும், மூன்றுதான் இருந்தன. நான்காவது மூலைக்குப் பெரியவர் அரையங்குலக் கம்பி இரண்டை எடுத்தார்.

"அரையும் அரையும் ஒண்ணு. சரிதானே?" என்று என்னைக் கேட்டார்.

"இதுல என்ன சந்தேகம்?" என்றேன். இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன!

மதியம் தொட்டி நிறைந்தபோது அந்த மூலை முறிந்தது. அடியில் குழாய் முடுக்கிக்கொண்டிருந்த தம்பி அங்கேயே செத்துப்போனான்.

விசாரிக்க வந்த இன்ஜினியர்தான் சொன்னார். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. கம்பியின் பலம் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. "விட்டம் பாதியானா பரப்பு கால்தான். நாலு போட்டிருக்கணும்யா."

கம்பி துருப்பிடித்து அறுந்தது என்று முதலாளி தம்பி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். தம்பி மனைவியும் நம்பினாள். "நீங்க என்ன மாமா செய்வீங்க?" என்று அவள் பெரியவரைத் தேற்றினாள். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் தலையும் உருளுமே!

ஒரு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனார். பயத்தில் நானும் கூடவே போனேன்.

பெரியவர் ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டார். அதற்குள் பாதி விட்டத்தில் இரண்டு சின்ன வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில்.

"சுத்தி மிச்சம் கிடக்கு பாரும்மா. அது பாதி. அதை நான் பார்க்கலை."

"நாலு போட்டிருந்தா?"

"தாங்கியிருக்கும்மா."

"கம்பி இல்லையா மாமா?"

"அரையங்குலம் நிறைய இருந்துச்சு."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒருத்தரையாவது கேட்டிருக்கலாமே மாமா?"

பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்கலைம்மா. நானாத்தான் செஞ்சேன்."

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.