இலாரியோன் கால் நனைத்த கதை

எங்கள் பொலிவியாவுக்குக் கடல் இல்லை. ஆனால் கடற்படை உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாட்டன் பூட்டன் காலத்துச் சண்டையில் சிலிக்காரன் பிடுங்கிக்கொண்ட கரை என்றாவது திரும்பி வரும், அன்றைக்கு மாலுமி வேண்டாமா? தித்திகாகா ஏரிக்கரையில் அந்தக் கடற்படையின் பேண்டு வாத்தியக் குழுவில் ஆயுசெல்லாம் ட்ரம்பெட் ஊதியவர் இலாரியோன் கொண்டோரி. வருஷா வருஷம் மார்ச்சில் கடல் நாள் வரும். கண்ணால் பார்த்தே இராத கடலுக்காக ஊதிக்கொண்டே அழுவார். அது நம் கைக்கு வரும்வரை அதில் கால் நனைப்பதில்லை என்று இளவயதில் கொடிமுன் சத்தியமும் செய்திருந்தார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் எதெல்வினா, வேலை தேடி அந்தோஃபகஸ்தாவுக்குப் போனாள். பறிபோன அதே கரை. போனவள் ரெமிகியோ என்ற சிலி மீனவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. பெற்ற பெண்ணையும் அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வெதும்பிக் கிடந்தார். மனைவி இறந்தபிறகு தனி வீட்டில் வீம்பு எத்தனை நாள் நிற்கும்? ஒரு நாள் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மருமகன் நல்லவன். வந்த மறுநாள் காலையிலேயே மாமனாரையும் மனைவியையும் கடற்கரைக்கு அழைத்துப்போனான். ஆயுசெல்லாம் ஊதி அழுத கடலை இலாரியோன் முதல்முறையாகப் பார்த்தார். எவ்வளவு பெரிசு! ஆனாலும் ஈரமணலுக்கு முன்பே பூட்ஸை ஊன்றி நின்றுவிட்டார்.

"எறங்குங்க மாமா, கடிக்காது."

"திருட்டுச் சொத்தை நான் தொடுறதில்ல மாப்ள."

ரெமிகியோ விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பனும் மகளும் நல்லா சேர்ந்தீங்க! இவளக் கட்டி இத்தன வருஷமாச்சு, ஒரு நாள் அலைகிட்ட போனதில்ல. மீன்காரன் பொண்டாட்டிக்குத் தண்ணின்னா பயமாம். ஊரே கேலி பேசுது."

இலாரியோன் மகளைப் பார்த்தார். "பயமா? ஏரியே கதின்னு கெடந்து நீச்சல் போட்டவளாச்சே நீ!"

எதெல்வினா மணலையே பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப என் கைய நெஞ்சுல வச்சு நீங்கதானப்பா சொல்ல வச்சீங்க, கடல் திரும்பி வர்ற வரைக்கும் கால் நனைக்க மாட்டேன்னு. இத இவருகிட்ட எப்படிச் சொல்றது? பயம்னு சொல்லிட்டேன்."

அவருக்கு அது மறந்தே போயிருந்தது. வாசலில் கடலை வைத்துக்கொண்டு, ஊரார் கேலியையும் வாங்கிக்கொண்டு, அப்பன் வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இவளைப் போய் அந்தப் பக்கம் போனவள் என்று நினைத்தோமே, பாவி மனசு!

குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"உங்கிட்ட சத்தியத்த வாங்கினது நானு. நானே திருப்பித் தர்றேன். வா தாயி."

மகளின் கையைப் பிடித்து அலைக்குள் நடந்தார். தண்ணீர் ஐஸாக முட்டிவரை ஏறியது. அவள் சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள். இவருக்கும் கண்ணீர் நின்றபாடில்லை. கரையில் வாய்பிளந்து நின்ற மருமகனைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"நனைஞ்சது காலுதான் மாப்ள. கடல் இன்னமும் எங்களுதுதான்!"