புளியங்கட்டைக்குள் ஒரு ஆணி

நாகல் நகர் மரப்பட்டறையில் வட்ட ரம்பம் ஓட்டுகிறவர் அவர். மெலிந்த உடம்பு, புருவமெல்லாம் மரத்தூள். எந்தக் கட்டையானாலும் முதலில் அதன்மேல் காந்தத்தை மெல்ல நகர்த்திப் பார்ப்பார். உள்ளே ஆணி இருந்தால் பிளேடின் பல் தெறித்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்தின் கட்டையை மேஜைக்கால்களுக்காகக் கொண்டுபோயிருந்தேன். ஓரிடத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டது. உளியால் செதுக்கினார். துருப்பிடித்த ஆணி தெரிந்தது; அதைச் சுற்றி நீளமான தலைமுடி. பேய் பிடித்த பெண்ணின் முடியை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைவது எங்கள் பக்கத்து வழக்கம்.

மெஷினை அணைத்துவிட்டார்.

"இத்தோட அறுத்தா பிளேடு போயிரும். புடுங்குனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. மரம் ஒங்களுது, நீங்களே புடுங்குங்க" என்று குறடை நீட்டினார்.

சிரித்துக்கொண்டேதான் பிடுங்கினேன். அவர் சிரிக்கவில்லை. கட்டையைப் பிசிறில்லாமல் அறுத்துக் கொடுத்தார். ஆணியை மட்டும் பட்டறையில் போட விடவில்லை.

"வீட்டுக்குக் கொண்டு போங்க. ஏது என்னான்னு கேக்காம யாரு வாங்கிக்கிறாகளோ, அவுக முடிதான்."

பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே நான் போகவில்லை. போனால் அவர் கேட்பார், சொல்ல வேண்டியிருக்கும்: அன்று ஆணியைக் கண்டதும் அம்மா ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள்.