காக்ஸ் டவுனில் பிடித்த கோட்டை

நேற்று மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதும், காக்ஸ் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டி தன் வீட்டு முன்னறையில் நடத்திய வாடகை நூலகத்துக்கே போய்விட்டேன். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தமிழ் மீடியம். இடைக்கால இங்கிலாந்தில் கணவனை இழந்த ஒரு சீமாட்டி, முற்றுகையிட்ட எதிரிகளிடமிருந்து தன் கோட்டையைக் காக்கும் தடித்த ஆங்கில நாவலை நான் எடுத்தபோது, "இது உனக்குக் கஷ்டம்மா, படம் போட்ட புக் எடுத்துக்கோ" என்றார் ஆன்ட்டி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இங்கயே உக்காந்து படிக்கிறேன் ஆன்ட்டி."

பள்ளி விட்டதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட, வெளியே பஸ்கள் உறும, மடியில் அகராதியோடு வரிவரியாக ஊர்ந்தேன். புரியாத ஒரு சொல்லுக்கு அகழி என்று அர்த்தம் கண்டு, வேலூர்க் கோட்டை நினைவுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பனியும் குதிரைகளும் பசித்த வீரர்களும் எனக்குச் சொந்தமாகிவிட, அகராதியைத் தொடுவதே குறைந்துபோனது.

மழை பெய்த ஒரு மாலையில் கடைசிப் பக்கத்தை முடித்து, "ஜெயிச்சுட்டா!" என்று கத்தினேன்.

இருமினாலே முறைக்கும் ஆன்ட்டி எழுந்து வந்தார். "யாரு?"

"கோட்டைக்காரி ஆன்ட்டி! எதிரிங்க கூடாரத்தப் பிரிச்சுட்டு ஓடிட்டாங்க!"

அவர் சிரித்தபடி, பெரியவர்களுக்கான அலமாரியைத் திறந்துவிட்டார். "எது வேணுமோ எடு. வீட்டுக்கே கொண்டு போ."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்தே தொடங்கினேன்.