சிவப்புப் பெட்டிக்குள் அண்ணன் குரல்

மோட்டார் சைக்கிள் விபத்தில் அண்ணன் போன பிறகும், எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கரில் அவன் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தான். சாயங்காலம் ஆனால் கோயில் லேப்டாப் தானாகவே ஒரு பாட்டைப் போடும். முடிந்ததும் அவன் குரல் வரும்: "விளக்கு வச்சாச்சு. டிவிய அடைச்சிட்டு வாங்கலா எல்லாரும்." அவனே செய்த சின்ன புரோகிராம் அது. போனில் எனக்கு எல்லாம் டைப் பண்ணித்தான் அனுப்புவான். அவன் குரல் என்று எங்களுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அம்மா அந்த நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலில் வந்து நிற்பார்.

தீமிதி முடிந்த வாரம் ஒருநாள் குரல் வரவில்லை.

"ஏன் இன்னிக்கு அவன் பேசல?" என்றார் அம்மா.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் ஆன்டிவைரஸின் சிவப்புப் பெட்டி. வைரஸ் என்று இரண்டு ஃபைலைப் பிடித்து வைத்திருந்தது. ஒன்று அண்ணன் செய்தது. இன்னொன்று தீமிதிப் பாட்டு பென்டிரைவிலிருந்து வந்தது, மாரியம்மன் பெயரில். அந்த பென்டிரைவ் வருஷா வருஷம் தோட்டம் தோட்டமாகக் கைமாறி வரும். யாரும் அதில் எதையும் அழிக்கமாட்டார்கள், சாமி சொத்து. சாமி பெயரில் இருப்பதைப் பூட்டி வைக்க எனக்கும் மனசு வரவில்லை. அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். அண்ணனுடையதைத் தொட்டால் அழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் பாட்டு ஃபோல்டர் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோயில் தலைவர் வந்து பார்த்தார்.

"ஃபோர்மேட் பண்ணிடுமா. எல்லாம் கெட்டுப்போச்சு."

"அண்ணன் வாய்ஸ் உள்ள இருக்குங்க."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப நீயே பாரு. வெள்ளிக்கிழம பூசைக்கு வேணும்."

ரெம்பாவ் டவுனில் அண்ணனின் கூட்டாளி போன் கடை வைத்திருக்கிறார். பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தூக்கமில்லாமல் தலை கனத்தது. நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"அம்மன் பேரு போட்டிருந்தா வுட்டுடுவியா? நாளைக்கு எவனாச்சும் முருகன் பேர்ல அனுப்புவான், அதையும் வுடு."

"எனக்கென்னாண்ணே தெரியும். மூணாம் பாரத்தோட பள்ளிக்கூடத்த விட்டு நின்னவ நான்."

"படிச்சவனும் இதத்தான் செய்யறான்லா. உக்காரு."

பல ஸ்கேனர்களை வைத்து ஒரே நேரத்தில் பார்க்கும் இணையப் பக்கத்தில் இரண்டையும் போட்டார். அம்மன் பெயரில் இருந்ததை ஏறக்குறைய எல்லாமே வைரஸ் என்றன. ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய்யானதை வைக்கும் சாதி. அண்ணனுடையதை ஒன்றிரண்டுதான் பிடித்தன. அதுவும் சந்தேகம் என்றுதான்.

"ஏண்ணே சந்தேகம்?"

"செஞ்ச கம்பெனி பேரு இல்ல. லேப்டாப்ப தொறந்தா தானா ஓடுது. திருடனும் அப்படித்தான ஓடுவான்?"

"அப்ப நல்லதா?"

"இரு. பக்கத்துல ஒண்ணு கெட்டுக் கெடந்துச்சு. இதுக்கும் ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தா அழிச்சுத்தான் ஆகணும் தங்கச்சி."

அண்ணனின் ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்தார். தீமிதிக்கு ரொம்ப முன்பே. அவருக்கு அது போதவில்லை. இணையம் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டு ஓடவிட்டு, வேறு எதையாவது தொடுகிறதா என்று பார்த்தார். எதையும் தொடவில்லை. பாட்டு வந்தது. பாட்டு முடிந்தது.

"டிவிய அடைச்சிட்டு வாங்கலா எல்லாரும்."

ஸ்கிரீன் மாற்ற வந்திருந்த மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்த்தார். கூட்டாளி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இவன் ஒண்ணும் பண்ணல," என்றார். அம்மன் பெயரில் இருந்ததை அழித்து, மறைந்த பாட்டுகளை மீட்டுவிட்டு, அண்ணனுடையதைக் காப்பி எடுத்து எனக்கு ஒரு பென்டிரைவில் கொடுத்தார். "இத யாருக்கும் குடுக்காத. கோயிலுக்கும் குடுக்காத. தொடாதன்னு லேப்டாப்ல சொல்லி வச்சிருக்கேன். ஆனா அப்டேட் வந்தா திரும்பப் பிடிச்சாலும் பிடிக்கும். பாத்துக்க."

பிடிக்கத்தான் செய்கிறது. அதனால் வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றாமல் நேராகக் கோயிலுக்குப் போகிறேன். செம்பனைத் தோட்டத்து மண் காலிலேயே இருக்கும். சிவப்புப் பெட்டி இருந்தால் திறந்து அவனை வெளியே விடுகிறேன். இவன் கெட்டவன் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அதற்கு மறந்துபோகிறது. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. குரல் வந்ததும் ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன். எழுந்து வீட்டுக்கு நடக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.