அத்தை வாயைத் திறந்தார்

நான் ஊட்டிவிட்டது அத்தைக்காகவா, எனக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக விளங்காமல் போனது. கணவருக்கு வெளியூரில் ஷிப்ட் வேலை. பகலில் பேச ஆளில்லாத வீட்டில், ஒன்றரை வயது மகளுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய் என்று எட்டு மாதம் ஊட்டினேன். "மருமவள்னா இவளாட்டம் இருக்கணும்" என்று எங்கள் நெசவாளர் தெருவே சொன்னது.

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, செவிலிமேட்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைப் பத்து நாள் விட்டோம். அங்கே கைக்குப் பயிற்சியும் தருவார்கள். காய்ச்சல் விட்டதும், மனசு கேட்காமல் ஐந்தாம் நாளே மகளையும் தூக்கிக்கொண்டு ரசம் சாதத்துடன் போய் நின்றேன்.

அத்தை வலது கையாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி சோறு சிந்தியிருந்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அங்கே தங்கியிருக்கும் இன்னொரு அம்மா, "இன்னாக்கா, புடவைக்கும் ஊட்டிக்கினு இருக்கியா?" என்று கேட்க, அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

என்னைப் பார்த்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

பயிற்சி தரும் அக்கா என்னை வெளியே அழைத்துப்போய், "தப்பா நெனைக்காதமா. உன்னப் பார்த்தா அவங்க கை லீவு போட்டுடுது. சாப்பாட்டு நேரம் முடிஞ்சி வாமா" என்றார்.

தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அத்தை எங்களோடு வீட்டில்தான் இருக்கிறார். தட்டை வைத்துவிட்டு நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன். கூடத்தில் அவர் தனியாகச் சாப்பிடுகிறார்; உள்ளே நான் தனியாக நிற்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊட்டாமலும் இருக்கப் பழகியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.